பல்லோடு பல்

கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் பழைய புல்லட் ஒன்று போனால், 'தட் தட்'டுக்கு அடியில் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வால்வுகளைத் திறக்கும் கேம்களைச் சுழற்றும் பல்சக்கரங்களின் குரல் அது. எண்ணெயில் நனைந்து, பல்லோடு பல் கோத்து அவை ஓடும்; கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று. கேமைச் செயினாலும் சுழற்றலாம்; ஆனால் செயின் நாளடைவில் நீளும். இழுத்துப் பிடிக்க டென்ஷனர் வேண்டும். பல்சக்கரமும் தேயும்தான், ஆனால் மெதுவாக. நெடும்பயணத்துக்கு என் ஓட்டு அதற்கே.

செயின்தானே சத்தமில்லாதது என்பார்கள், உண்மை. கேம் சிலிண்டர் ஹெட்டுக்கே ஏறிவிட்ட 2020-இன் மீட்டியோர் 350-க்கு அதுதான் பொருத்தமும்கூட. அவ்வளவு உயரத்துக்குச் சக்கரங்களை அடுக்கினால் எடையும் செலவும் ஏறும். பழைய புல்லட்டிலோ கேம்கள் கிராங்குக்கு அண்டை வீடு. கரியாலூர் இறக்கத்தில் வேகம் குறையக் குறைய அந்த ரீங்காரம் சுருதி இறங்கிக் குழைவதை எந்தச் செயினும் தராது.