முத்தமா? மூச்சா?

இருட்டைக் கண்டு அஞ்சுவது குழந்தையின் இயல்பு. இருட்டையே மூடி மறைப்பது பெரியவர்களின் பழக்கம். மேலை நாடுகளில் பழைய தேவதைக் கதைகளை இளைஞர்க்கெனப் புதுக்கி, கொடுமையும் குருதியும் தோன்ற எழுதுகின்றனர். அந்நூல்களைச் சுற்றி எழும் கூக்குரல் இவ்வுண்மையையே நினைவூட்டுகிறது. இனிய கதைகளில் நஞ்சைக் கலக்கிறார்களே, பிஞ்சு நெஞ்சம் தாங்குமா என்று ஒரு சாரார் குமுறுகின்றனர். மற்றொரு சாராரோ, கருநிற அட்டையும் கத்தியும் கண்ணீரும் இருந்தால் போதும், புதுமை பிறந்துவிட்டது என்று பூரிக்கின்றனர். இரு சாராரும் பிழைபடப் பேசுகின்றனர் என்பதே என் துணிபு.

இனிய கதைகளா அவை? ஏட்டைப் புரட்டுவோம். உறங்கும் அழகியின் கதைக்குப் பழைய வடிவம் ஒன்று உண்டு. இத்தாலியரான பசீலே எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1634 முதல் 1636 வரை வெளிவந்த தொகுப்பில் அது இருக்கிறது. அதில் வரும் மன்னன் முத்தமிட்டு எழுப்பவில்லை. உறங்கும் பெண்ணைக் கெடுத்துவிட்டு ஊர் திரும்புகிறான். உறக்கத்திலேயே அவள் இரட்டைக் குழந்தைகளை ஈனுகிறாள். முடிவில் நெருப்பில் வீழ்பவள் மன்னனின் மனைவி. அக்குழந்தைகளைக் கொன்று சமைக்கச் சொன்ன கொடியவள் அவள், தண்டனை தகும். ஆனால், மன்னன் செய்த குற்றத்திற்குத் தண்டனை எங்கே? மறுமணமன்றோ அவனுக்குப் பரிசு!

பிரான்சு நாட்டுப் பெரோ 1697இல் வெளியிட்ட சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையில், வேட்டைக்காரன் வந்து காப்பாற்றவில்லை. ஓநாய் விழுங்குகிறது, கதை முடிகிறது. பின்னே நீதி வருகிறது. யாருக்கு? ஓநாய்க்கன்று, பெண்ணுக்கு! கண்டவர் பேச்சைக் கேளாதே என்று விழுங்கப்பட்டவளுக்கே அறிவுரை!

செர்மனியின் கிரிம் உடன்பிறந்தார் 1812இல் தந்த முதற் பதிப்பில், பனிவெண்மையைக் கொல்லத் துடித்தவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆனாள். கோபுரத்தில் அடைபட்ட ரபன்சல், தன் உடை ஏன் இறுகுகிறது என்று 1812இல் வெகுளியாய்க் கேட்டாள்; கருவுற்ற குறிப்பு அது. பின்னர் வந்த பதிப்புகளில் அக்கேள்வி மறைந்தது. ஆனால், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியில் அரசி ஆடி ஆடிச் சாகும் காட்சி மட்டும் அழியாது நின்றது! பெண் கருவுறுவது பிள்ளைகள் காதுக்கு ஆகாதாம். பெண் வெந்து சாவது ஆகுமாம். என்னே இவர்தம் அளவுகோல்!

ஆகவே இருள் புதிதன்று. விளக்கை எவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறோம் என்பதே புதிது. இம்மறு ஆக்கங்களை நிறுக்கத் தக்க தராசும் அதுவே.

அமெரிக்க எழுத்தாளர் சேன் யோலன் 1992இல் எழுதிய 'பிரையர் ரோசு' என்னும் நாவலை அத்தராசில் இட்டுப் பார்ப்போம். உறங்கும் அழகி நானே என்று ஓயாது சொல்லிய பாட்டி இறந்தபின், உண்மையைத் தேடிப் போலந்துக்குச் செல்கிறாள் பேத்தி. கதையில் வந்த கோட்டை, நாசிகளின் கெல்ம்னோ கொலைக்களம். மாளிகை ஒன்றில் மக்களைத் திரட்டி, 1941 திசம்பர் முதல் வண்டிப் புகையால் கொன்ற இடம். கதையில் வந்த மூடுபனி அந்நச்சுப் புகை. பிணக்குழியில் கிடந்தவளை எழுப்பியதும் காதல் முத்தமன்று. எதிர்த்துப் போராடிய தோழன் ஒருவன் வாயோடு வாய் வைத்து ஊதிய மூச்சு! சூனியக்காரியின் சாபம் என்று கூறித் தப்ப முடியாதபடி, கொடுமைக்கு ஊரும் ஆண்டும் பெயரும் தருகிறது இந்நூல். மீட்போருள் ஒருவர் ஓரினக் காதலர் என்பதற்காகக் கான்சாசு நகரில் கல்வி வாரியத்தின் படிகளில் இதை எரித்தனர் என்று யோலன் கூறியிருக்கிறார். நாசிகள் நூலை எரித்ததை அறிந்த பின்னுமா இச்செயல்!

எலானா ஆர்னால்டு 2018இல் எழுதிய 'டாம்சல்' இன்னும் கூரியது. டிராகனைக் கொன்று கன்னியை மீட்டு மணப்பவனே மன்னன் என்பது அந்நாட்டு மரபு. மீட்கப்பட்ட கன்னிக்குப் பழைய நினைவே இல்லை. ஏன்? அவள்தான் அந்த டிராகன்! வன்கொடுமையால் பெண்ணாக்கி, அதற்கு மீட்பு என்று பெயரிட்டிருக்கிறது அரசகுலம். காப்பாற்றினேன் என்று மார்தட்டுவோனை நோக்கி, யாரிடமிருந்து என்று கேட்கக் கற்பிக்கிறது இந்நூல். குறையும் உண்டு. ஒருவன் வீழ்வதோடு நூல் நின்றுவிடுகிறது. தலைமுறை தலைமுறையாய் வாய்மூடி நின்ற அரண்மனை என்ன ஆயிற்று என்பதற்கு விடையில்லை. ஆள் சாவான்; மரபு அவ்வளவு எளிதில் சாவதில்லை.

இவற்றின் வரிசையில் வைக்கத் தகாதவை பல. சிறைப்படுத்தியவனைப் பேரழகனாக்கி, பூட்டைப் பொன்னாலே செய்து, அடிமைத்தனத்தை ஆழ்ந்த காதல் என்று விற்பவை அவை. பக்கந்தோறும் பிணம் விழினும் அவை பழைய கதைகளே. பெரோவின் ஓநாய்க்குப் பட்டாடை உடுத்தியதன்றி வேறில்லை.

வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஓநாய் உண்டென்பது தெரியும். அவளிடம் ஓநாயை மறைப்பதால் ஓநாய்க்கே நன்மை. அவள் கையில் தரும் நூலைப் பார்த்து இரண்டே கேள்விகள் கேட்போம்: இது குற்றவாளியைச் சுட்டுகிறதா, குற்றத்தை அலங்கரிக்கிறதா? இதைப் படித்தவள் இன்னும் ஒருவனுக்காகக் காத்திருப்பாளா, தானே எழுந்து நடப்பாளா?

முத்தத்துக்காக நூறாண்டு உறங்கச் சொன்ன கதைகள் போதும். மூச்சைத் தரும் கதைகள் வரட்டும்!