55 அங்குல டிவி: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கடைச் சுவரில் மாட்டியிருக்கும் வரை எல்லா டிவியும் நல்ல டிவிதான். பஞ்சவர்ணக் கிளி, நீலக் கடல், அறுத்து வைத்த மாதுளை என்று சுற்றிச் சுற்றி ஓடும் அந்த டெமோ வீடியோவில் தோற்ற திரை எதுவும் கிடையாது. பிரகாசமும் வண்ணமும் ‘ஸ்டோர் மோட்’ என்ற அமைப்பில் உச்சத்தில் நிற்கும். மேலே நாலு பக்கமும் விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தில் கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, சாம்பலாகத் தெரிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. விற்பனையாளர் காட்டுவது பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர்களை: க்யூஎல்இடி, டால்பி விஷன், டால்பி அட்மாஸ், எச்டிஆர். ஸ்டிக்கருக்கு ஸ்டிக்கர் இரண்டாயிரம், மூவாயிரம் ஏறும்.

பெரிய திரையைப் பற்றிப் பேச இப்போது ஒரு காரணமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி போடுமுன் 40,000 ரூபாய் விலையுள்ள டிவிக்கு முன்பு 51,200 கொடுத்தோம்; இந்த வரியில் 47,200. இந்த நாலாயிரம் மிச்சமானதில், 43 அங்குலம் வாங்கக் கிளம்பியவர்கள் 55-ஐயும் எட்டிப் பார்க்கிறார்கள்.

நான் ஒரே ஹாலில், ஒரே மேஜையில், இரண்டு 55 அங்குல டிவிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்று 35,000 ரூபாயை ஒட்டிய க்யூஎல்இடி. இன்னொன்று 55,000-ஐ ஒட்டிய மினி எல்இடி. இரண்டுமே 4கே, இரண்டிலும் கூகுள் டிவி. மாடல் எண்களை எழுதவில்லை. அவை ஆண்டுதோறும் மாறுகின்றன. ஒரே வரிசையிலேயே 43-க்கு ஒரு பேனல், 55-க்கு வேறு பேனல் வருவதும் உண்டு. எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போவதைவிட எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போவது மேல்.

முதலில் அளவு. பார்வையில் திரை 30 டிகிரி அகலத்துக்கு விரிந்தால் சினிமா பார்க்க வசதி என்பது பழைய கணக்கு. அதன்படி திரையின் மூலைவிட்ட நீளத்தை 1.6-ஆல் பெருக்கினால் உட்காரும் தூரம் கிடைக்கும். 55 அங்குலத்துக்கு 88 அங்குலம், அதாவது ஏழேகால் அடிக்குச் சற்று மேல். பத்தடி அகலமுள்ள அடுக்ககத்து ஹாலில் சுவரோடு ஒட்டிய சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் டிவிக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். 65 அங்குலத்துக்கு எட்டே முக்கால் அடி வேண்டும். அவ்வளவு இடமிருந்தால் 65-ஐத் தாராளமாகப் பாருங்கள், 55-ஐவிடப் பரப்பு 40 சதவீதம் அதிகம். ஆனால் 55 அங்குல டிவியே நாலு அடி அகலம். பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. 32 அங்குலத்துக்கு என்று தச்சர் அடித்த பழைய ஷோகேஸில் அது நிற்காது. வீட்டுக்கு வந்து இறக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

அடுத்ததை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். உங்கள் வீட்டில் ஓடுவது சாதாரண எஸ்டி கேபிள் பெட்டி என்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் படம் குழம்பித்தான் தெரியும். எஸ்டி ஒளிபரப்பில் ஒரு ஃபிரேமுக்கு 720 × 576 புள்ளிகள். 4கே திரையில் 3840 × 2160. வகுத்துப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. வருகிற ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மீதி பத்தொன்பதை டிவி தானே ஊகித்து நிரப்ப வேண்டும். 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவியில் இதே தரத்துச் சித்திரம் பளிச்சென்று தெரிந்தது, ஏனென்றால் அந்தத் திரை அவ்வளவு சின்னது. இப்போது அதைப் பத்து மடங்குக்கும் மேல் விரிக்கிறோம். சோதித்த இரண்டு டிவிகளிலும் எஸ்டி சேனலில் சீரியல் மாமியாரின் பட்டுச்சேலைக் கரை கஞ்சி போட்டதுபோல் ஒட்டிக்கொண்டுதான் தெரிந்தது. இருபதாயிரம் கூடுதலாகக் கொடுத்த டிவி கொஞ்சம் நாகரிகமாகக் குழப்பியது, அவ்வளவே. எச்டி பெட்டிக்கு மாறியதும் இரண்டுமே தெளிந்தன. ஆகவே முதல் செலவு செட்டாப் பாக்ஸுக்கு. ஓடிடியில் 4கே பார்ப்பவர்களுக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் தடையின்றி வந்தால் போதும்.

இனி பேனல், அதாவது நாம் உண்மையில் விலைகொடுத்து வாங்கும் பொருள். மெதுவாகும் மென்பொருளுக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகலாம். ஒலி போதாவிட்டால் சவுண்ட்பார் வைக்கலாம். பேனலையும் அதன் பின்னால் எரியும் விளக்கையும் பிற்பாடு மாற்றவே முடியாது. பணம் போக வேண்டிய இடம் அதுதான், ஸ்டிக்கர்கள் பேசுவதோ மற்றதையெல்லாம்.

எல்இடி என்று விற்கப்படும் டிவிகள் எல்லாமே எல்சிடி டிவிகள்தான், க்யூஎல்இடியும் அப்படியே. குவாண்டம் டாட் என்ற நுண்துகள் அடுக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். அதனால் சிவப்பும் பச்சையும் செழிப்பாகும். கறுப்பு மேம்படாது. கறுப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: பேனலின் வகை, பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி. விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் சாதாரணமாக 3000:1-க்கு மேல் இருக்கும். ஐபிஎஸ் பேனலில் 1000:1 அளவில் நின்றுவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மட்டும் கதை தலைகீழ்: ஐபிஎஸ் நிறம் மாறாது, விஏ வெளிறும்.

சோதிக்க நான் போட்டது ‘கைதி’ (2019). ஒரே இரவில் நடக்கும் கதை, பாட்டும் கிடையாது, லாரியின் முன்விளக்கும் நெருப்பும் தவிரச் சுற்றிலும் இருட்டு. டிவியின் கறுப்பைச் சோதிக்கத் தமிழில் இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை. 35,000 ரூபாய் டிவியில் காடு முழுவதும் ஒரு சாம்பல் படலம். மூலைகளில் விளக்கு கசிந்தது. கார்த்தியின் முகம் தெரிந்தது, பின்னால் இருந்த இருட்டு தெரியவில்லை. பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் மினி எல்இடியில் லாரி விளக்கைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் படிந்தாலும் இருட்டு இருட்டாகவே நின்றது. இந்த ஒரு படத்திலேயே இருபதாயிரத்துக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. ஆனால் ‘மினி எல்இடி’ என்பதும் இப்போது ஸ்டிக்கராகிவிட்டது. தனித்தனியாக அணையும் பகுதிகள், அதாவது டிம்மிங் மண்டலங்கள், எத்தனை என்று கேளுங்கள். சில நூறு இருந்தால் பயன் உண்டு. எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கினால் விலையையும் தயங்கிக் கேட்கலாம். ‘மைக்ரோ டிம்மிங்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது படத்தை மென்பொருளால் திருத்தும் வேலை, விளக்கை அணைப்பதன்று.

எச்டிஆர் விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் பெரிது. எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் பிரகாசத்தை மனத்தில் வைத்து வண்ணம் திருத்துகிறார்கள். மலிவு டிவிகள் 300 நிட்ஸை ஒட்டியே எரிகின்றன. கிடைக்கும் 300-க்குள் 1000-ஐ அடக்கப் பார்ப்பதால், எச்டிஆரில் ஓடும் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத் தெரியும். “புது டிவி ஏன் இருட்டடிக்குது?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் என்ற எச்டிஆர் வடிவம் கிடையாது, எச்டிஆர்10 ப்ளஸ்தான். அதனால் அவற்றின் நல்ல மாடல்கள் குறைந்துபோய்விடவில்லை. எந்த வடிவம் என்பதைவிட எவ்வளவு வெளிச்சம் என்பதே முக்கியம்.

நம் ஹால்களுக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. பல வீடுகளில் டிவி வாசல் கதவுக்கு எதிரே இருக்கும், பகல் வெயில் நேரே திரையில் விழும். ஒருவர் சோபாவில், ஒருவர் தரையில், ஒருவர் சமையலறை வாசலில் நின்றபடி. விஏ பேனலை ஷோகேஸுக்கு மேலே உயரத்தில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தால் வெளிறிப்போகும். உட்காருபவரின் கண் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி வரட்டும். மாட்டுபவர் எவ்வளவு சொன்னாலும் மேலே ஏற்ற விடாதீர்கள். பகல் முழுக்க நாலு பேர் நாலு திசையிலிருந்து பார்க்கிற வீடு என்றால் ஐபிஎஸ் பேனலே பொருத்தம், அங்கே கறுப்பைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

லட்ச ரூபாயை ஒட்டி ஓஎல்இடி கிடைக்கிறதே? புள்ளி ஒவ்வொன்றும் தானே எரிந்து தானே அணையும். கறுப்பில் அதை எதுவும் தொட முடியாது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை செய்தி சேனல் ஓடும் வீட்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அசையாத லோகோவும் கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் தழும்பாகப் பதியும் அபாயம் உண்டு. திரைப்படம் பார்க்கும் வீட்டுக்கு அது. ‘பிரேக்கிங் நியூஸ்’ வீட்டுக்கு வேண்டாம்.

ரிஃப்ரெஷ் ரேட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமையும் ஐந்து முறை காட்டினால் கணக்கு சரி. 60-இல் இரண்டரை முறை வருகிறது; ஆகவே ஒன்றை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று காட்டுவதால், கேமரா நகரும்போது மெல்லிய உதறல் வரும். இதை மறைக்கத்தான் எம்இஎம்சி என்ற வசதி, இல்லாத ஃபிரேம்களை நடுவில் உருவாக்கிச் செருகுகிறது. ஐபிஎல் பார்க்க அதைக் குறைந்த அளவில் வைத்தேன், பந்து தெளிவாகத் தெரிந்தது. ‘பொன்னியின் செல்வன்’ போட்டபோது அணைக்காமல் விட்டால் சோழப் பேரரசு மெகா சீரியல் செட்டாகிவிடுகிறது. வாங்கிய அன்றே ‘விவிட்’ அமைப்பை மாற்றி ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்பில் வையுங்கள். முதலில் மஞ்சளாகத் தோன்றும். கண் பழகிய பிறகு பழைய அமைப்பைத் திரும்பப் பார்த்தால் நீலம் அடிப்பது தெரியும்.

ஒலியில் இரண்டு டிவிகளுமே தோல்வி. மெல்லிய உடம்பில் கீழ்நோக்கிப் பேசும் சின்ன ஸ்பீக்கர்களிடம் அட்மாஸ் ஸ்டிக்கர் எதையும் சாதிப்பதில்லை. பின்னணி இசை முழங்குகிறது, வசனம் முணுமுணுக்கிறது. ஏழெட்டாயிரத்துக்கு ஒரு சவுண்ட்பாரை எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் செருகினால் தீர்ந்தது. டிவியில் மூன்று எச்டிஎம்ஐ துளைகளாவது இருக்கட்டும்: செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், நாளைக்கு ஒரு ஸ்டிக். இரண்டே துளை உள்ள 55 அங்குல டிவியை விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. 120 வாட் டிவி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இரு மாத ரசீது 500 யூனிட் எல்லையை உரசிக்கொண்டிருக்கும் வீடுகள் மட்டும் யோசிக்கலாம், அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

சர்வீஸ் பற்றி ஒரு வார்த்தை. திரையில் கோடு விழுந்தால் பழுதுபார்ப்பு என்பது கிடையாது, பேனலையே மாற்ற வேண்டும். அதன் விலை டிவி விலையின் பாதிக்கு மேலே போய்விடும். உறவினர் வீட்டில் ஒரு டிவிக்கு அப்படிக் கோடு விழுந்தபோது, அந்த நிறுவனத்துக்கு மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வாங்கும் முன்பே உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கூப்பிட்டுக் கேளுங்கள். வாரண்டி ஓராண்டா, இரண்டாண்டா, பேனலுக்கும் சேர்த்தா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

என் தீர்ப்பு இது. கேபிளும் யூடியூபும்தான் பெரும்பாலும் என்றால் 35,000 ரூபாய் டிவி போதும், மிச்சத்தில் எச்டி பெட்டியும் சவுண்ட்பாரும் வாங்கிவிடலாம். ராத்திரி விளக்கணைத்துப் படம் பார்க்கும் பழக்கம் இருந்தால் 55,000 ரூபாய் மினி எல்இடிக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. இரண்டுக்கும் நடுவே 42,000, 45,000 என்று ஸ்டிக்கரால் மட்டும் விலை ஏறிய டிவிகளை விட்டுவிடலாம். கடைக்குப் போகும்போது போனில் இரவில் எடுத்த 4கே வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். கிளி வீடியோவை நிறுத்தி, ஸ்டோர் மோடை மாற்றி, அதைப் போடச் சொல்லுங்கள். டெலிவரி ஆட்டோவில் பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் இறக்க விடாதீர்கள், திரை பெரிதாகப் பெரிதாக அப்படி விரிசல் விழும் வாய்ப்பு அதிகம். பெட்டியை டெக்னீஷியன் முன்னால் மட்டுமே பிரியுங்கள், பிரிப்பதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.