ஈப்போவுக்குப் போகாத பையன்

லாட் என்ற பெயரைச் சொன்னாலே மலேசியாவில் எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்துவிடும். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதம் அந்தச் சிரிப்புக்கு இல்லை. 'நம்ம சின்ன வயசு அப்படியே இருக்கு' என்பார்கள். 'கம்போங் பாய்' அனிமேஷன் தொடரை அண்மையில் மறுபடியும் பார்த்தபோது எனக்கும் அந்தச் சிரிப்பு வந்தது. கையோடு மூலப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே பையனின் கதை, ஒரே பேராக் மண். ஆனால் புத்தகத்துப் பையன் கடைசியில் கம்பத்தை விட்டு ஈப்போவுக்குப் புறப்படுகிறான். தொடரில் வரும் பையன் புறப்படுவதே இல்லை. இது சின்ன விஷயம் கிடையாது என்பதுதான் என் வாதம். அதிலும் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பிறந்த நமக்கு நிச்சயமாகக் கிடையாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. லாட்டின் இயற்பெயர் முகமட் நோர் காலிட். 1951இல் பேராக்கில், கோப்பேங் பக்கமுள்ள கோத்தா பாருவில் பிறந்தவர். கிளந்தானின் தலைநகரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது நம்மூர் கோத்தா பாரு. பிறகு ஈப்போவுக்கு வந்து அண்டர்சன் பள்ளியில் படித்தார். அவருடைய முதல் காமிக்ஸ் புத்தகமான 'தீகா செகாவான்' வெளிவந்தபோது அவருக்கு வயது 13. 1968இல் 'பெரித்தா மிங்கு' ஞாயிறு பத்திரிகையில் 'கெலுவார்கா சி மாமாட்' என்ற தொடர் சித்திரத்தை ஆரம்பித்தார். அது 26 ஆண்டுகள் ஓடியது. 1979இல் 'தி கம்போங் பாய்' புத்தகம் வந்தது. 1981இல் அதன் தொடர்ச்சியாக, ஈப்போவைக் களமாகக் கொண்ட 'டவுன் பாய்'.

'கம்போங் பாய்' கறுப்பு மையில் வரையப்பட்ட புத்தகம். பக்கத்தை நிறைத்து ஒரு படம், அதன் ஓரத்தில் கையெழுத்தில் சில வரிகள். பிறப்புச் சடங்கு, குர்ஆன் வகுப்பு, ஆற்றுக் குளியல், சுன்னத்து என்று ஒரு மலாய்ப் பையனின் ஐம்பதுகள் அதில் வரிசையாக வருகின்றன. லாட்டின் நகைச்சுவை உட்கார்ந்திருப்பது படத்துக்கும் வரிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். வரிகள் அடக்கமாக, கிட்டத்தட்ட அரசாங்க அறிக்கை மாதிரி பேசும். படம் பக்கத்திலேயே கூத்தடிக்கும். வாசிக்கிறவன் இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தானாகச் சிரிக்க வேண்டும்.

புத்தகத்தின் பின்பாதியில் ஈயம் வருகிறது. கம்பத்துக்குப் பக்கத்தில் ஈயக் கப்பல் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்க, பையன் படிப்பை விட்டுவிட்டு நண்பர்களோடு திருட்டுத்தனமாக ஈயம் அலசப் போகிறான். வீட்டில் மாட்டிக்கொண்டு அடி வாங்குகிறான். பிறகு ஒழுங்காகப் படித்து, ஈப்போவில் உள்ள விடுதிப் பள்ளிக்குத் தேர்வாகிறான். செய்தியைச் சொல்ல வீட்டுக்கு ஓடி வந்தால், அப்பா ஈய நிறுவனத்து ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். நிலத்துக்கு அடியில் ஈயம் இருந்தால் நல்ல விலை கிடைக்கும். கம்பத்துக்காரர்கள் பலருக்கும் அதே ஆசை. வரும் பணத்தில் ஈப்போவில் வீடு வாங்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். பையன் படிப்பதற்காக ஊரை விட்டுப் போகும் அதே நேரத்தில், அவன் திரும்பி வர வேண்டிய ஊரும் விலைக்குப் போகத் தயாராகிறது. லாட் இதைச் சோகமாகச் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதும் இல்லை. 'டவுன் பாய்' முடிவதும் பிரிவில்தான். நண்பன் ஃபிராங்கி மேல்படிப்புக்காக வெளிநாடு போகிறான்.

இனி தொடர். 1990களின் பிற்பகுதியில் ஆஸ்ட்ரோவில் வந்தது, மொத்தம் 26 பகுதிகள். லாட் தாமே இதன் உருவாக்கத்தில் இருந்தார். கனடா, பிலிப்பைன்ஸ் அனிமேஷன் நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்தன. அறுபது நாடுகளில் ஒளிபரப்பானது. 'ஓ! தோக்' என்ற பகுதிக்கு 1999இல் பிரான்சின் ஆன்சி அனிமேஷன் விழாவில் விருது கிடைத்தது. இதெல்லாம் சாதாரணச் சாதனை இல்லை. கணினி அனிமேஷன் இங்கே பெரிய தொழிலாக வளர்வதற்கு முன்பே நம் மண்ணின் ஒரு கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

விருது வாங்கிய அந்தப் பகுதி இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பயமுறுத்தும் ஆலமரம் வரும் கதை. அதைப் பார்க்கும் எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தன் தோட்டத்து முனியாண்டி மரம் ஞாபகம் வரும். 'பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் போகாத' என்று நம் பாட்டிகள் சொன்ன மரத்துக்கும் அந்த மரத்துக்கும் வேர் ஒன்றுதான். மதம் வேறு, பயம் ஒன்று. தொடரின் பலம் இந்த மாதிரி இடங்களில் இருக்கிறது.

பலவீனம் அதன் காலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் மாட்டுக்கு ஒரு சிக்கல் வரும், தீரும். அடுத்த பகுதியில் கம்பம் பழையபடி பச்சையாக இருக்கும். நான் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு கண்ட்ரோல் பேனலிலும் ரீசெட் பட்டன் உண்டு. தொலைக்காட்சித் தொடர்களிலும் அது உண்டு. பழைய கம்ப வாழ்க்கைக்கும் நவீன நகர வாழ்க்கைக்கும் நடக்கும் உரசல்தான் தொடரின் முக்கியக் கரு. ஆனால் அந்த உரசலில் எதுவும் நிரந்தரமாக உடைவதில்லை. நகரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கறுப்பு மைக்குப் பதில் வண்ணம் வந்ததையோ, அறிக்கை மாதிரிப் பேசும் அந்தக் குரல் காணாமல் போனதையோ கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஊடகம் மாறினால் சிலது போகும், சிலது வரும். போகக்கூடாதது அந்தப் புறப்பாடு.

அனிமேஷன் என்றாலே இப்படித்தானே என்று கேட்கலாம். அமெரிக்காவின் 'பீனட்ஸ்' காமிக்ஸை எடுத்துக்கொள்வோம். சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950இல் தொடங்கி 2000 வரை வரைந்தார். ஐம்பது ஆண்டுகளாகச் சார்லி பிரவுன் சிறுவனாகவே இருந்தான். 1965இல் வந்த கிறிஸ்மஸ் சிறப்புப் படத்தில் நிஜக் குழந்தைகளைப் பேச வைத்தார்கள். பின்னணியில் ஜாஸ் பியானோ. அக்காலத் தொலைக்காட்சி வழக்கப்படி பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்க்கவில்லை. நடுநடுவே நீளமான மௌனங்கள். 2015இல் வந்த திரைப்படம் முழுக்கக் கணினியில் செய்யப்பட்டது. ஆனாலும் முகங்களில் கண்ணையும் வாயையும் பேனாக் கோடுகளாகவே விட்டிருந்தார்கள். இவை மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் கோடுகள் மட்டும் கிடையாது. பீனட்ஸின் காலமே வட்டமானது. லூசி ஒவ்வொரு முறையும் பந்தைப் பிடுங்குவாள், சார்லி பிரவுன் ஒவ்வொரு முறையும் மல்லாக்க விழுவான். எதுவும் மாறாததுதான் அங்கே துயரம். கம்பத்துக் கதையில் எதுவும் மாறாமல் இருப்பது ஆறுதலாகிவிடுகிறது. ஒரே ரீசெட் பட்டன், இரண்டு வேறு விளைவு.

வட்டக் காலம் லாட்டுக்குத் தெரியாததும் அல்ல. வாரப் பத்திரிகையில் 26 ஆண்டுகள் ஒரே குடும்பத்தை வரைந்தவர் அவர். நேர்கோட்டுக் காலத்தை அனிமேஷனில் சொல்லவும் அவருக்குத் தெரியும். 1993இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பணிக்காக அவர் செய்த 'மினா ஸ்மைல்ஸ்' குறும்படம் அதற்குச் சான்று. படிக்கத் தெரியாத ஒரு பெண் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். படம் முடியும்போது அவள் பழைய மினா இல்லை. திரும்ப முடியாத ஒரு மாற்றத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிட முடிகிறது. 26 பகுதிகள் கையில் இருந்தும் 'கம்போங் பாய்' தொடர் அந்தப் பக்கம் போகவில்லை.

இதற்குப் பின்னால் வந்த 'உப்பின் & இப்பின்' இந்த நகராத கம்பத்தை முழுமையாக்கியது. 2007இல் நோன்பு மாதச் சிறு தொடராக ஆரம்பித்த அதை, நம் வீட்டுப் பிள்ளைகளும் மலாய் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லுமளவுக்குப் பார்த்தார்கள். இரட்டையர்கள் இன்றைக்கும் பாலர் பள்ளியில்தான் இருக்கிறார்கள். அங்கே நம்மவர்களும் உண்டு. சாப்பாட்டுக் கடை முத்து அங்கிள், மாட்டோடு திரியும் ராஜு. ராஜுவைப் பார்க்கும்போது என் சின்ன வயதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை இப்போது கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: ராஜு எங்கிருந்து அந்தக் கம்பத்துக்கு வந்தான்? அவன் தாத்தா எந்தத் தோட்டம்? நகராத கம்பத்தில் எவருக்கும் 'முன்பு' என்ற ஒன்று இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரிய இழப்பாக இருக்காது. அந்த வீடும் அந்த மண்ணும் அவர்கள் கண் முன்னாலேயே இருக்கின்றன. ராஜுவுக்கு அந்த 'முன்பு' மட்டும்தான் சொத்து.

இங்கேதான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் எனக்கு வேறு மாதிரித் தெரிகின்றன. ஈய நிறுவனத்தோடு பேரம் பேசும் அப்பாவைப் பாருங்கள். அவரிடம் விற்க நிலம் இருக்கிறது. விற்றால் ஈப்போவில் வீடு. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களிடம் விற்க என்ன இருந்தது? லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். கித்தா மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தபோதும், தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமானபோதும் தொழிலாளிக்கு வந்தது பேரம் அல்ல, நோட்டீஸ். என் பாட்டி தன் தோட்டத்தை விட்டு வந்த கதையைச் சொல்லும்போது வீட்டைப் பற்றி அதிகம் பேச மாட்டார். முனியாண்டி சூலத்தைக் கோணிச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றியதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். 'மரத்த எப்படிய்யா ஏத்துறது, அத விட்டுட்டுத்தான் வந்தோம்' என்பார்.

கம்பத்துக்காரர்கள் சுகமாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 1985இல் ஈய விலை சரிந்து கின்டா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடியபோது எல்லா இனத்தவரும் அடிபட்டார்கள். இன்றைக்குத் தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் சுற்றுலாத் தலம். நிலம் எடுத்துக்கொண்ட காயங்களில் தண்ணீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன, நாம் அங்கே போய்ப் படம் எடுக்கிறோம். காயம் அழகாகத் தெரிய ஆரம்பிக்கும் தருணம்தான் நாஸ்டால்ஜியா பிறக்கும் தருணம் என்று நினைக்கிறேன். லாட்டின் புத்தகம் அந்தத் தருணத்துக்கு முந்தி நிற்கிறது. தொடர் அதற்குப் பிந்தி வருகிறது.

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் சொன்னபோது, 'சின்னப் பிள்ளைங்க பாக்குற படத்துல போய் இவ்ளோ பாரத்த ஏத்துறியேடா' என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் புத்தகத்தையும் சின்னப் பிள்ளைகள் வாசித்தார்கள். தன் ஊர் விலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பையன் புறப்படுவதை அவர்களால் தாங்க முடிந்தது. தாங்க முடியாது என்று முடிவு செய்பவர்கள் பெரியவர்கள்தான்.

நான் இவ்வளவு எழுதக் காரணம் வேறு. நம் தலைமுறையில் கிராஃபிக் நாவல், அனிமேஷன் என்று இறங்கும் தமிழ் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். இன்றோ நாளையோ ஒருவர் தோட்டத்துக் கதையை எடுப்பார். மாதிரியாக அவர் கண் முன் நிற்கப்போவது பெரும்பாலும் தொடர்தான், புத்தகம் அல்ல. அப்படி நடந்தால் வரிசையாக வண்ணமடித்த லயங்கள் வரும். பெரட்டுக் களத்தில் விளையாடும் பிள்ளைகள், திருவிழா, தப்பு, நல்ல மனசுக் கிராணி எல்லாம் வரும். பார்க்கிற நாமும் 'அப்படியே இருக்கு' என்று சிரிப்போம். அந்தத் தோட்டத்தில் எவருக்கும் நோட்டீஸ் வராது. லாரி வராது.

அவருக்கு ஒரு வாசகனாக என் வேண்டுகோள் இவ்வளவுதான். முதல் லயத்தை வரைவதற்கு முன் 'கம்போங் பாய்' புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை ஒருமுறை புரட்டுங்கள். அப்பா யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் கதையில் அந்த இடத்தில் யார் நிற்பார், அவர் கையில் என்ன காகிதம் இருக்கும் என்பதை முதலில் வரைந்து வையுங்கள். திருவிழாவையும் தப்பையும் அதற்குப் பிறகு வரையலாம்.