கிளைவ் மகரகண்டி: கதையும் சான்றும்

கிளைவ் மகரகண்டி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அணிகலன்களுள் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் அளித்த கழுத்தணி என்பது கோயில் மரபு. கருட சேவையின்போது பெருமாளுக்கு இது அணிவிக்கப்படுவதாகக் கூறுவர்.

கதை

ஆற்காட்டுப் போர்க்காலத்தில் கிளைவ் நோயுற்றார், பெருமாளின் தீர்த்தத்தால் குணமடைந்தார், நன்றியாக நகையைக் காணிக்கையாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. தலபுராண நூல்களும் சுற்றுலாக் கட்டுரைகளும் இதை அப்படியே வரலாறாக எழுதிவிடுகின்றன.

போர்

1751 ஆகஸ்டில் கிளைவ் ஏறத்தாழ 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் சென்னையிலிருந்து காஞ்சி வழியாகச் சென்று ஆற்காட்டைப் பிடித்தார். முற்றுகை நீங்கியபின், ஆரணியில் வென்று காஞ்சிக்குத் திரும்பினார். அங்கே மதில்சூழ்ந்த பெருங்கோயில் ஒன்றைப் பிரெஞ்சுப் படை கோட்டையாக்கியிருந்தது. தாக்கினால் சிறைப்பட்ட ஆங்கில அதிகாரிகள் இருவரை மதில்மேல் நிறுத்துவோம் என்று மிரட்டியது. கிளைவ் பீரங்கிகளால் மதிலைத் தாக்கினார். பிரெஞ்சுப் படை இரவோடிரவாக வெளியேறியது. காஞ்சிக் கோயில் மதிலில் குண்டு வீசியவரைக் காஞ்சி ஒரு நகையின் பெயரில் நினைவில் வைத்திருக்கிறது. காணிக்கைக் கதையில் பீரங்கிக்கு இடமில்லை.

பெயர் பொறித்த சான்று

கிளைவின் பெயர் நகையோடு வாய்மொழி மரபில் வழங்குகிறது. பெயர் கல்லிலேயே உள்ள கொடைக்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கல்பட்டுப் பகுதிக்கு 1790களில் கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். வரதராஜருக்கு இவரும் அணிகலன் வழங்கியதாகச் சொல்வர். மதுராந்தகம் ஏரியின் கரையை இராமலட்சுமணர் காத்து நின்றதைக் கண்டு, தாயார் சன்னதியைக் கட்டித்தந்தார் என்பது இவரைப் பற்றிய கதை. அச்சன்னதியின் கல்வெட்டு, தர்மத்தை அவருடைய பதவியோடும் பெயரோடும் குறிக்கிறது. காட்சி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏரி நிரம்பினால் நெல், நெல்லிருந்தால் வரி. கோயிலும் ஏரியும் செழித்திருப்பது ஜாகீர் நிர்வாகத்துக்குத் தேவையாக இருந்தது. 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணக் கோயில் சொத்துகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் கொண்டுவந்தது இப்போக்கின் தொடர்ச்சியே.

ஒப்பீடு

நாஜி அதிகாரிகள் ஒருவருக்கொருவர் அளித்த வெள்ளிப் பொருட்களில் பெயரும் நாளும் பொறிக்கும் வழக்கம் இருந்தது. அவற்றைக் கொண்டு யார் யாருக்கு நெருக்கம் என்று ஆய்வாளர்கள் அறிய முடிகிறது. ஆனால் போலிகளும் மிகுதி என்பதால் பொறிப்பை மட்டும் நம்புவதில்லை. மேலும், 1939 பிப்ரவரியில் யூதர்கள் தம்மிடமுள்ள பொன், வெள்ளியை ஒப்படைக்க வேண்டும் என்று அந்த அரசு ஆணையிட்டது. வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறிப்பு சொல்லாது. கொடுத்தவர் சொல்ல விரும்பியதை மட்டுமே அது சொல்லும்.

மதிப்பீடு

இரு ஆட்சிகளும் ஒன்றல்ல. சான்றை வாசிக்கும் முறை ஒன்றே. கிளைவ் இந்தியாவில் பெற்ற பரிசுகளை 1772-73இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விசாரித்தது. அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் பரிசை நாம் விசாரிப்பதில்லை. அந்நிய துரையும் எங்கள் தெய்வத்தின்முன் பணிந்தான் என்ற பெருமிதம் தோற்ற மக்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். அதே கதை வென்றவனைப் பக்தனாக்கி, அவனுடைய செல்வத்தின் மூலத்தை மறைத்தும் விடுகிறது. மகரகண்டியைக் காஞ்சியின் நம்பிக்கை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாம். கிளைவின் பக்திக்குச் சான்றாகக் கொள்ள, கோயில் கணக்கோ கம்பெனி ஆவணமோ துணைநிற்க வேண்டும்.