கதவைத் திறந்தவர் யார்?

வெள்ளையன் வந்தான், வேதநூலைக் காட்டினான், ஏமாளிகள் மயங்கினர், இனம் அழிந்தது என்று கதை கூறுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. இருளிலே கிடந்த கூட்டத்திடம் நல்லோர் சிலர் சென்றனர், ஒளி தந்தனர், கர்த்தரின் கருணையால் அவர்கள் மனிதராயினர் என்று வேறு கதை கூறுவோரும் உண்டு. முன்னது பழமைக் காவலரின் புலம்பல். பின்னது பாதிரிமார் எழுதியனுப்பும் ஆண்டறிக்கை. இரண்டிலும் ஒரு கேள்விக்கு இடமே இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தம் தெய்வத்தைத் தொழுத மக்களிலே ஒரு பகுதியினர், கடல் கடந்து வந்த ஒருவன் அழைத்தவுடன் எழுந்து நடந்தனரே, ஏன்?

அந்தக் கேள்வியைத் துணிவுடன் கேட்ட நாவல் சினுவா அச்செபே எழுதிய ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’. 1958ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. 1930ஆம் ஆண்டில் நைஜீரியாவின் ஒகிடி என்னும் ஊரில் பிறந்த அச்செபே இக்போ இனத்தவர். அவர் தந்தை சர்ச் மிஷனரி சங்கத்தின் உபதேசியார். கிறித்தவ வீட்டிலே வளர்ந்து, பழைய சமயத்தைக் கைவிடாத உறவினரின் வாழ்வையும் அருகிருந்து கண்டவர் அவர். எனவேதான் அவர் எழுத்திலே பாதிரியின் தற்பெருமையும் இல்லை, பழமையின் ஒப்பாரியும் இல்லை.

அந்தச் சங்கம் நைஜர் ஆற்றங்கரையிலுள்ள ஒனிச்சாவில் 1857ஆம் ஆண்டில் காலூன்றியது. அன்று தொடங்கிய வேலை தலைமுறைகளைக் கடந்து நடந்தது. சிற்றூர்தோறும் கோயில், கோயிலுக்கருகே பள்ளி, பள்ளிக்கருகே மருத்துவம் என்று வளர்ந்த அந்த நீண்ட முயற்சியின் தொடக்க நாட்களைத்தான் நாவல் காட்டுகிறது.

கதைத் தலைவன் ஒக்கோன்க்வோ. உமுவோஃபியா ஊரின் மல்லன்; உழைப்பாளி; தந்தையைப்போல் கோழையென்று பெயர் வாங்கிவிடக் கூடாதே என்னும் அச்சத்திலேயே வாழ்பவன். பிணையாக வந்த இக்கெமெஃபுனா என்ற சிறுவன் அவன் வீட்டிலே மூன்றாண்டுகள் மகன்போல் வளர்கிறான். பிறகு குகைக் கோயிலின் குறிசொல் வருகிறது: சிறுவனைக் கொல்ல வேண்டும். காட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். முதல் வெட்டு விழுந்ததும் தன்னை நோக்கி ஓடிவந்த பிள்ளையை ஒக்கோன்க்வோவே வெட்டி வீழ்த்துகிறான். ஊர் கோழை என்றுவிடுமோ என்ற அச்சம்! அந்த அச்சத்திற்குத் தெய்வ ஆணை என்று பெயர்!

அவன் மகன் ந்வோயே அன்றே மனத்திற்குள் ஏதோ முறிந்து போகிறான். பிறந்த இரட்டைக் குழந்தைகளை மண்சட்டியிலிட்டுக் காட்டில் எறிந்த கொடுமையையும் அவன் அறிவான். அந்தக் குழந்தைகளின் அழுகையையும் கேட்டிருக்கிறான். பின்னாளில் பாதிரிமார் வந்து பேசுகின்றனர். மூன்று கடவுள் ஒரு கடவுள் என்னும் தத்துவம் அவனுக்கு விளங்கவில்லை. அவர்கள் பாடிய பாட்டு மட்டும் அவனைத் தொடுகிறது. நெடுநாளாக உள்ளத்தை அரித்த கேள்விகளுக்கு அதிலே ஏதோ ஆறுதல் இருப்பதாக உணர்கிறான். தருக்கத்தால் வென்ற மதமல்ல அது. ஊரார் செய்த காயத்தின்மேல் தடவப்பட்ட எண்ணெய்!

எம்பான்டா ஊரிலே நடந்த நிகழ்ச்சியைப் பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் படித்து மகிழ வேண்டும். கோயில் கட்ட இடம் கேட்கின்றனர் பாதிரிமார். பெரியவர்கள் சூழ்ச்சியாகத் தீயகாட்டிலே இடம் தருகின்றனர். அம்மை கண்டோரையும் தீட்டுப்பட்டோரையும் எறியும் காடு அது; பேய்களும் கொடிய சக்திகளும் குடியிருப்பதாக நம்பப்பட்ட இடம். நான்கு நாளில் செத்து விழுவார்கள் என்று காத்திருக்கின்றனர். சாகவில்லை. ஏழு சந்தை வாரம், அதாவது இருபத்தெட்டு நாள், தெய்வங்கள் பொறுப்பதுண்டு என்று கெடுவை நீட்டுகின்றனர். அந்த நாளும் கழிந்தது. கோயிலும் எழுந்தது, ஆட்களும் நலமாயிருந்தனர்!

இந்தச் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது என்ன? தீயகாடு வெறும் காடு என்பது, அவ்வளவுதான். ஆனால் பாதிரி சொன்னதென்ன? எம் தெய்வம் உம் தெய்வத்தினும் வலியது என்றார். பேய் இல்லை என்று காட்டிய கையாலேயே தம் கடவுளை அரியணை ஏற்றினார். அறிவு பெற வேண்டிய வெற்றியை ஆண்டவன் கணக்கிலே வரவு வைத்தார். மதம் பரப்புவோரின் திறமையெல்லாம் இந்த ஒரு வரவுக் கணக்கிலே அடங்கியிருக்கிறது.

அந்தக் கோயிலுக்கு முதலிலே சென்றவர் யார்? பட்டம் பெற்ற பெருமக்களல்லர். ஊர் மதியாதோர் சென்றனர். நெக்கா என்ற பெண் சென்றாள். நான்கு முறை கருவுற்று, நான்கு முறையும் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, நான்கு முறையும் அவற்றைக் காட்டுக்குப் பறிகொடுத்தவள். ஐந்தாம் முறை கருவுற்ற நிலையிலே ஓடிச் செல்கிறாள். தொல்லை விட்டதென்று கணவன் வீட்டார் கவலையற்றிருக்கின்றனர். பின்னர் ஓசுக்கள் சென்றனர். தெய்வத்திற்கு அடிமையாக ஒப்புக்கொடுக்கப்பட்டவர் வழிவந்தோர் ஓசுக்கள். மற்றவரோடு மணவுறவு கூடாது. ஊரவையில் அமரக் கூடாது. சடைமுடியைச் சிரைக்கக் கூடாது. செத்தால் தீயகாட்டிலே புதைக்க வேண்டும். இத்தகையோர் ஒரு வாயில் திறந்திருக்கக் கண்டு நுழைந்ததிலே வியப்பென்ன?

வியப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. ஓசுக்கள் வந்ததும், முன்னரே மதம் மாறியிருந்தோர் முகஞ்சுளிக்கின்றனர்! ஏசுவை ஏற்ற நெஞ்சு ஓசுவை ஏற்க மறுக்கிறது. உபதேசியார் கியாகா உறுதியாக நின்று, சடையைச் சிரைத்துவிட்டு வாருங்கள் என்று அவர்களை உள்ளே அழைக்கிறார். அந்த உறுதியைப் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

இரட்டைக் குழந்தைகளைக் கொன்ற வழக்கம் கதாசிரியரின் கற்பனையல்ல. இக்போ நாட்டை அடுத்த கலபார்ப் பகுதிக்கு 1876ஆம் ஆண்டில் வந்த மேரி ஸ்லெசர், பதினோராம் வயதிலே டண்டி நகர ஆலையில் வேலைக்குப் போன ஏழைத் தொழிலாளிப் பெண். 1915ஆம் ஆண்டில் அம்மண்ணிலேயே இறக்கும்வரை, எறியப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தைகளுக்காக நாம் அவரை வணங்கலாம். ஆனால் அதே அம்மையாரை 1892ஆம் ஆண்டில் ஆங்கில அரசு துணைத் தூதராக அமர்த்தி, நீதி வழங்கும் அதிகாரத்தையும் தந்தது. ஒரு கையிலே தொட்டில், மறு கையிலே துரைத்தனத்தின் முத்திரை! இரண்டையும் காண்பதே ஆராய்ச்சி.

அச்செபே இரண்டையும் காட்டுகிறார். பிரவுன் பாதிரி பொறுமையாளர், ஊர்ப் பெரியவருடன் கடவுளைப் பற்றி அமர்ந்து உரையாடுகிறார், பள்ளி கட்டுகிறார், படித்தவனே நாளை ஆள்வான் என்கிறார். அவருக்குப் பின் வந்த ஸ்மித் கடுமையாளர். பூசல் முற்றுகிறது, கோயில் கொளுத்தப்படுகிறது. உடனே வருகிறார் மாவட்ட அதிகாரி. பேசலாம் வாருங்கள் என்றழைத்து ஆறு தலைவர்களை விலங்கிட்டு அபராதம் விதிக்கிறார். வேதத்தின் பின்னே வழக்குமன்றம், அதன் பின்னே சிறை! அதிகாரியின் ஏவலனை வெட்டிய ஒக்கோன்க்வோ தூக்கிட்டுக் கொள்கிறான். அவன் வாழ்வு முழுவதும் அந்த அதிகாரிக்குத் தாம் எழுதப்போகும் நூலின் ஒரு பத்திக்கு மட்டுமே உதவுகிறது.

நிறத்தின் ஆணவம் சபைக்குள்ளேயும் இருந்தது. ஒனிச்சாப் பணிக்குத் தலைமை தாங்கியவர் சாமுவேல் அஜாயி குரோதர். அடிமைக் கப்பலிலிருந்து 1822ஆம் ஆண்டில் மீட்கப்பட்டவர். 1864ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானவர். முதுமையிலே அவரை இளம் வெள்ளைப் பாதிரிமார் இழிவுபடுத்தினர். அவர் அதிகாரத்தைப் பறித்தனர். 1891ஆம் ஆண்டில் அவர் இறந்ததும் அந்த இருக்கை வெள்ளையருக்கே போயிற்று. 2014ஆம் ஆண்டில்தான் கான்டர்பரிப் பேராயர் அந்த அநீதிக்காக மன்னிப்புக் கோரினார்.

நாவலில் குறையும் உண்டு. இருபத்தைந்து அத்தியாயங்களிலே ஒக்கோன்க்வோவின் பெருமிதம் பேசுகிறது. நெக்காவுக்குக் கிடைத்தவை சில வரிகள். எட்டுப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்ன நினைத்தாள் என்று ஆசிரியர் கேட்கவில்லை. வீழ்ந்த வீரனுக்காகக் கலங்கும் வாசகன், தப்பிச் சென்ற தாய்க்காக மகிழ மறந்துவிடுகிறான். ஓர் உலகம் சிதைந்தது உண்மை. அதன் சிதைவிலே சிலருக்கு மூச்சு வந்தது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மைக்கு இன்னும் இடம் தந்திருக்க வேண்டும்.

இந்தக் கடனை அச்செபே ஓரளவு அடைப்பது 1960ஆம் ஆண்டில் வந்த ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ நாவலில். மதம் மாறி ஐசக் என்று பெயர் கொண்ட ந்வோயே, அதிலே ஓய்வுபெற்ற உபதேசியார். அவர் மகன் ஓபி, கிளாரா என்ற பெண்ணை மணக்க விரும்புகிறான். கிளாரா ஓசு. கொடுமை பொறாமல் தந்தையின் வீட்டைவிட்டு ஓடிய அதே சிறுவன், கிழவனானதும் அந்தத் திருமணத்தைத் தடுக்கிறார்! தான் உயிரோடிருக்கும்வரை நடக்காது என்கிறாள் தாய். வீட்டிலே விவிலியம் இருந்தது. ஓசுவும் இருந்தது.

தோழர்களே, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட மதப்பணி எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? குழந்தைகள் பிழைத்தன, பள்ளிகள் எழுந்தன. பிறப்பினால் இழிவென்னும் எண்ணமோ, ஞானஸ்நானத் தண்ணீரிலே கரையவில்லை. 1956ஆம் ஆண்டில் கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றிற்று. ஆனால் பெண் கேட்கப் போகும் வீடுகளிலே அந்தப் பேச்சு அதற்குப் பிறகும் ஓயவில்லை. சட்டம் வேண்டும், கல்வி வேண்டும். அவற்றோடு, ஓபி முடிக்காமல் விட்ட அந்தத் திருமணம் வீட்டுக்கு வீடு நடக்கவும் வேண்டும்.

கதவைத் திறந்தவர் யார் என்றால், தட்டிய பாதிரியும் அல்லர், வெளியேறிய நெக்காவும் அல்லள். அவள் பெற்ற எட்டுக் குழந்தைகளைக் காட்டிலே எறிந்தார்களே, அவர்களே திறந்தவர்கள்.