தேவதாரும் கல்லும்

இமாசலப் பிரதேசத்தின் குலு, கின்னௌர் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரே பேரழகு. ஒரு வரிசை தேவதாரு மரம், அதன்மேல் ஒரு வரிசை கல், மறுபடியும் மரம். இடையில் சாந்து கிடையாது. மூலைகளில் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவ்விக்கொள்கின்றன. இந்தக் கட்டுமானத்துக்குக் காட்-குனி என்று பெயர்.

நிலம் நடுங்கினால் கல் சற்றே அசைந்து கொடுக்கும். மரம் அதைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ளும். 1905இல் காங்ராவை உலுக்கிய நிலநடுக்கத்தை குலுவில் இதே முறையில் கட்டிய நக்கர் கோட்டை தாங்கி நின்றது இந்த வலுவால்தான்.

குளிருக்கும் இதில் வழி உண்டு. கீழ்த்தளம் மாடுகளுக்கு, அவற்றின் உடற்சூடு மேலேறி மனிதர்களுக்குக் கணப்பாகிறது. தடித்த சுவர் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் தருகிறது. பலகைக் கற்கள் வேய்ந்த சரிவான கூரை பனியின் பாரத்தைச் சுமக்கிறது. மேல்தளத்தில் வெளியே நீண்டிருக்கும் மர உப்பரிகையில் உட்கார்ந்து வெயில் காயலாம்.

இன்று தேவதாரு எளிதில் கிடைப்பதில்லை. சிமென்ட் வீடுகள் பெருகிவிட்டன. மலையின் குணமறிந்து கட்டிய தச்சர்களின் அறிவு புதிய வீடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.