கரிசற்புலம் பாலையாகுமோ?

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே விரியும் கரிசற்புலத்தையும், அதனைப் பொருளாகக் கொண்ட இலக்கியத்தையும் ‘பாலை’ என வழங்குவாருளர். அக்கொள்கையின் பொருத்தத்தை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியர் நானிலத்திற்கே பெயர் தந்தார். பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவே பாலை என்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும். எனவே பாலை, பருவத்தால் வருவதொரு கோலம். அதன் உரிப்பொருள் பிரிவு.

பாலைப்பாட்டிற் பயிலும் யானையும் செந்நாயும் இன்றும் வாழ்வது மேற்கிலுள்ள மலைக்காட்டிலேயாம். 1988இல் சாம்பல்நிற மலையணிலுக்கெனச் சரணாலயமாகிய அக்காடு, 2021இல் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. அவை மலைக்குரிய விலங்குகளாதல், பாலை குறிஞ்சியின் திரிபே என்பதற்கு அரண் செய்யும்.

கரிசலோ, மலைமறைவால் தென்மேற்குப் பருவமழை குன்றினும், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைத் தன் களிமண்ணிற் காத்துப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைவிப்பது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) விரித்துரைப்பதும் பிரிவன்று. புலம்பெயர்ந்து வந்தோர் காடு திருத்திக் குடியமர்ந்த கதையாகும்.

விளைநிலத்தைப் பாலையென்பார், அதனைத் தரிசெனத் தள்ளுவார்க்கும் வழி வகுத்தவராவர். ஆதலின், கரிசலைக் கரிசலென்றே வழங்குதல் வேண்டும் என்பதே எம் துணிபு.